கடைசிப் படகில் இருந்தவன்

அந்தச் சார்ட்டை அன்றைக்கே கிழித்துப் போட்டிருக்க வேண்டும். மைசூர் யாதவகிரியில் என் சகலை வீட்டுச் சாப்பாட்டு மேசையை முழுக்க மறைத்துக்கொண்டு கிடந்தது அது. பல தாள்களை ஒட்டி நீளமாக்கி, நான்கு மூலையிலும் ஊறுகாய் ஜாடிகளை வைத்து அழுத்தியிருந்தார். மேலிருந்து கீழாக ஊர்ப் பெயர்கள்: மைசூர், பெங்களூர், பாங்காக், கோலாலம்பூர், மழைக்காடு, சிங்கப்பூர். இடமிருந்து வலமாகப் பதினோரு நாட்கள், ஒவ்வொன்றும் பத்து நிமிடக் கட்டங்களாக. கட்டங்களுக்குக் குறுக்கே சரிவாக ஏறியும் இறங்கியும் ஓடிய வண்ணக் கோடுகள்தான் நாங்கள். அவர் குடும்பம் சிவப்பு. என் குடும்பம் ஊதா. பாங்காக்கில் பதினாலு பேருக்கு இரண்டு குளியலறை, ஆளுக்கு ஏழு நிமிடம் என்றுகூட அதில் இருந்தது.

என் மனைவியின் அக்காவைக் கட்டியவர் அவர். ரயில்வேயில் செக்‌ஷன் கன்ட்ரோலராக முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தார். ஓர் அறைக்குள் உட்கார்ந்து, காதில் ஃபோனோடு, எந்த வண்டி எந்த ஸ்டேஷனில் எந்த நிமிடம் நிற்கிறது என்று தாளில் கோடு இழுக்கும் வேலை. ஓய்வு பெற்ற பிறகு கோடு இழுக்க வண்டி இல்லாமல் போனது. எங்களைப் பிடித்துக்கொண்டார். அக்கா, தங்கை இரண்டு குடும்பமும் அவர்கள் வழிச் சொந்தங்களுமாகப் பதினாலு பேரை ஒரு ரயிலாகக் கோத்துத் தென்கிழக்கு ஆசியாவைச் சுற்றிவர வேண்டும் என்பது அவருடைய முடிவு. நாங்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் உட்கார்ந்து, கோடுபளை முறுக்கைக் கடித்துக்கொண்டு தலையாட்டினோம். திட்டம் போட்டோம் என்று சொல்ல முடியாது. அவர் போட்டார், நாங்கள் பார்த்தோம்.

ஒரே ஒரு தடவை வாய் திறந்தேன். கோலாலம்பூரிலிருந்து மழைக்காட்டுக்கு வேனில் நாலு மணி நேரம், மறுநாள் காலையே படகு. நடுவில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று கேட்டேன். என் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. ஊட்டிக்குப் போகும் வளைவுகளிலேயே வாந்தி எடுத்துத் துவண்டுவிடுபவள்.

"என்ன சகலை, கௌதள்ளிக்காரர் காட்டைப் பாத்துப் பயப்படலாமா? யானையோட வளந்தவங்கல்லவா நீங்கெல்லாம்!" என்றார். கௌதள்ளி என் ஊர், காட்டோரம். மேசையைச் சுற்றிச் சிரிப்பு.

"பயமில்லீங்ணா. பொண்ணுக்கு வண்டி ஒத்துக்கறதில்லை. ஒரு நாள் சும்மா இருக்கலாம்னு..."

"சும்மா இருக்கறதுக்கு எதுக்கு ஏரோப்ளேன்? மைசூர்லயே சும்னே இருக்கலாமே. நீங்க லேப்ல ஆசிட் ஊத்தறதைப் பாருங்க. டைமை என்கிட்ட விடுங்க."

நான் கல்லூரியில் வேதியியல் சொல்லித்தருபவன். என் மாணவர்களில் இருவர் அந்த வீட்டுக்கு உறவு. அவர்களும் அன்று சிரித்தார்கள். அவமானம் என்பது பெரிய சொல்தான், ஆனால் வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. என் மகளோ அவர் பக்கத்தில் நின்று, ஊதாக் கோட்டின் மேல் தன் பெயரின் முதல் எழுத்தை எழுதிக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவர் அந்த விதியையும் போட்டார். ரயிலில் கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டு, எல்லாம் சரி என்று பச்சைக் கொடி அசைத்தால்தான் முன்னால் டிரைவர் வண்டியை எடுப்பார். எங்கள் பயணத்துக்கும் அப்படி ஒருவர் வேண்டுமாம். உள்ளே போய் ஒரு பச்சைக் கைக்குட்டையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். "சகலைதான் நம்ம கார்டு. எப்பவும் கடைசியா வருவார். எல்லாரையும் எண்ணிப் பாத்துட்டுப் பச்சை காட்டுவார். அவர் காட்டாம நான் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்." பிள்ளைகள் "கார்டு சாப், கார்டு சாப்" என்று கூவினார்கள். எனக்குக் கொடுத்த ஒரே பதவி அது. வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பாங்காக்கிலும் கோலாலம்பூரிலும் திட்டம் பிசகவில்லை. அதை ஒப்புக்கொள்வது கசப்பாகத்தான் இருக்கிறது. கோயில், கடைத்தெரு, உயரமான கட்டடங்கள், எல்லாம் அவர் கோட்டின்படியே வந்து போயின. ஒவ்வொரு பேருந்தின் படியிலும் நான் நின்று பதின்மூன்று தலைகளை எண்ணி, என்னையும் சேர்த்துப் பதினாலு என்று முடித்து, கைக்குட்டையை ஆட்டினேன். அவர் முன்னாலிருந்து கையை உயர்த்தி ஏற்றுக்கொள்வார். பார்த்தவர்கள் எங்களை என்னவென்று நினைத்தார்களோ.

காட்டுக்குப் போன வேனில் என் மகள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். இரண்டு முறையும் வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. மறுநாள் காலை, விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது அவர் சார்ட்டின் அந்தப் பகுதியை விரித்துத் திருத்தினார். "ஒரே ஒரு குடும்பத்தால இருபது நிமிஷம் லேட். பதிமூணு வயசுப் பொண்ணுக்கு ஒரு மாத்திரை குடுத்துக் கூட்டிட்டு வரத் தெரியலை. இவர் லெக்சரர்!" மகள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். என் மனைவி, "மாமா, விடுங்க" என்றாள். அவர் விடவில்லை. "லேட் ஆனா லேட்னு எழுதணும்மா. அதான் முறை" என்று ஊதாக் கோட்டின் கீழே இருபது என்று குறித்தார்.

அன்று முழுவதும் எனக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது: இனி இந்த ஆளுக்காக நான் எண்ண மாட்டேன். கைக்குட்டையை ஆட்டுவேன், ஆட்டாவிட்டால் அதற்கும் ஒரு பேச்சு வரும். ஆனால் எண்ண மாட்டேன். ஐம்பதை நெருங்கும் ஒருவன் இப்படியும் முறுக்கிக்கொள்வானா என்று கேட்டால், முறுக்கிக்கொண்டேன்.

ஆற்றின் மேல்பக்கம் ஒரு மணி நேரம் போய், காட்டுக்குள் நடந்து, பிற்பகலில் கரைக்குத் திரும்பினோம். மூன்று நீளப் படகுகள் காத்திருந்தன. மழை பிடித்துக்கொண்டது. அங்கே பெய்யும் மழைக்கு முன்தூறல் கிடையாது, மேலிருந்து கவிழ்த்தது போல் வரும். மைசூரில் அவர் வாங்கித் தந்திருந்த ஒரே மாதிரியான சிவப்பு மழைக்கோட்டுகளை எல்லோரும் மாட்டிக்கொண்டு, தலைமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு, அவரவர் படகுக்கு ஓடினார்கள். முதல் படகில் அவரும் பெண்களும். இரண்டாவதில் பிள்ளைகள். கடைசியில் சாமான்களும் படகோட்டியும் நானும். "டைம் ஆச்சு, டைம் ஆச்சு" என்று அவர் குரல் மழைக்கு மேலே கேட்டது. இரண்டாவது படகில் சிவப்பு முதுகுகள் நெருக்கியடித்துக் குனிந்திருந்தன. அதில் ஒன்று என் மகள் என்று நினைத்தேன். நினைக்கக்கூட இல்லை, பார்த்தேன், அவ்வளவுதான். கைக்குட்டையை எடுத்துத் தலைக்கு மேலே ஆட்டினேன். முதல் படகின் முனையில் எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்த அவர் மட்டும் அதைக் கண்டார். கையை உயர்த்தினார். படகுகள் கிளம்பின.

அவள் யாரிடமும் சொல்லாமல் கரைக்கு மேலிருந்த கழிப்பறைக்குப் போயிருந்தாள்.

கீழே துறைக்கு வந்து இறங்கியபோது என் மனைவிதான் கேட்டாள், "எங்க அவ?" பிள்ளைகள் "சித்தப்பாவோட இருக்கான்னு நினைச்சோம்" என்றார்கள். சகலை என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. அந்தப் பார்வையில் கேள்வி இல்லை. என் மனைவி அவருடைய மழைக்கோட்டைப் பிடித்து உலுக்கினாள். "உங்க டைம்டேபிள்ல என் பொண்ணு எங்க மாமா? சொல்லுங்க, எந்தக் கட்டத்துல விட்டுட்டு வந்தீங்க?" அப்போதுதான் நான் சொன்னேன். என் குரல் அது என்று எனக்கே தெரியாத ஒரு குரலில் சொன்னேன்.

"நான் பச்சை காட்டவே இல்லை. அதுக்கு முன்னாலயே இவர் படகை எடுத்துட்டார்."

அவர் வாய் திறப்பார் என்று காத்திருந்தேன். திறக்கவில்லை. திரும்பிப் படகோட்டியிடம் ஓடினார். ஆறு ஏறிக்கொண்டிருந்தது. ஒரே ஓர் ஆளைத்தான் ஏற்றுவேன் என்று படகோட்டி விரலைக் காட்டினான். என் மனைவி மயங்கி என் தோளில் சாய்ந்திருந்தாள், அவர் ஏறிவிட்டார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நாங்கள் கிளம்பிய கரையிலிருந்த கொட்டகையில், கால் முழுக்க அட்டை கடித்து ரத்தம் வழிய, என் மகள் தூணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அவர் தன் மழைக்கோட்டையும் அவளுக்குப் போர்த்திக் கூட்டிவந்தார். குற்றவுணர்ச்சி, அதனால்தான் போனார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அக்காவும் தங்கையும் கல்யாண வீடுகளில் வேறு வேறு பந்தியில் உட்காருகிறார்கள். பலத்த மழை பெய்தால் என்னால் வீட்டுக்குள் இருக்க முடிவதில்லை, எழுந்து மகள் அறைக் கதவு வரை போய்விட்டுத்தான் வருவேன். அந்த மனிதரை நான் வெறுத்தேன், இப்போதும் வெறுக்கிறேன். அவருடைய கிண்டலுக்காக அல்ல, இருபது நிமிடத்துக்காகவும் அல்ல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மறுத்திருப்பேன், சண்டை போட்டிருப்பேன், யார் பொய்யன் என்று நாலு பேர் பேசி ஏதோ ஒரு வழியாக முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. என் பொய்யை என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

சென்ற மாதம் மகள் ஒரு தாள் சுருளோடு வீட்டுக்கு வந்தாள். இருபத்திரண்டு வயது, வேலைக்குப் போகிறாள். தோழிகள் இருவரோடு பாங்காக், கோலாலம்பூர், அதே மழைக்காடு, சிங்கப்பூர். சார்ட் போட்டுத் தந்தவர் பெரியப்பா.

"அந்த ஆள் போட்ட கோட்டுல நீ போகக் கூடாது" என்று கத்தினேன்.

"ஏம்ப்பா இப்டிக் கூகாடறீங்க? தப்பு பண்ணவருக்குத்தானே எங்க தப்பு வரும்னு தெரியும்? பாருங்க, படகுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் சும்மா விட்டிருக்கார். காட்டுக்கு முன்னாடி ஒரு நாள் ரெஸ்ட்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். "நான் அவரை மன்னிச்சிட்டேன்ப்பா. அவர்கிட்டயே நேராச் சொல்லிட்டேன், பெரியப்பா, உங்கமேல எனக்குக் கோபம் இல்லைன்னு."

"அவர் என்ன சொன்னார்?"

"சந்தோஷம் மகளேன்னார்."

ஒன்பது ஆண்டுகளில் முதல் முறையாக அவர் எண்ணுக்கு ஃபோன் செய்தேன். நலம் விசாரிக்கவில்லை, அவரும் விசாரிக்கவில்லை. ஏன் அன்று சொல்லவில்லை என்று கேட்டேன். ஏன் இன்றும் சொல்லவில்லை, செய்யாத தப்புக்கு என் பெண்ணிடம் மன்னிப்பை வாங்கி வைத்துக்கொள்ள உங்களுக்கு என்ன திமிர் என்று கேட்டேன். நீங்களே அவளிடம் சொல்லித் தொலையுங்கள் என்றேன்.

"கார்டு எழுதவேண்டிய ரிப்போர்ட்டைக் கன்ட்ரோலர் எழுதக் கூடாது, சகலை" என்றார். "முப்பத்தஞ்சு வருஷத்துல நான் எழுதினதில்லை. உங்க ரிப்போர்ட்டுக்குத்தான் காத்துட்டிருக்கேன். ரொம்ப லேட்." வைத்துவிட்டார்.

லேட் என்ற சொல்லை அவர் சொன்ன விதத்துக்காகவே இன்னொரு முறை ஃபோன் செய்து திட்டலாம் போலிருந்தது. அதற்குப் பதிலாக உட்கார்ந்து இதை எழுதினேன். மூன்று நாட்களாயின. என் பெயருக்கு நேராகக் குறிக்க வேண்டியதை எல்லாம் குறித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

மகள் நாளை மறுநாள் கிளம்புகிறாள். இன்று மாலை பெட்டிக்குப் பூட்டு கேட்டு வந்தவள் என் மேசையில் கிடந்த தாள்களைப் பார்த்து நின்றாள். "இவ்ளோ பக்கமா? யாருக்குப்பா இது?"

"உனக்குத்தான்."

"எனக்கா? போங்கப்பா, எனக்குத் தமிழ் ஓதவே பரல்ல." அவளுக்குத் தமிழ் படிக்க வராது, பள்ளியில் படித்ததெல்லாம் கன்னடமும் ஆங்கிலமும்தான். அவள் அம்மாவும் அப்படித்தான். எங்கள் குடும்பத்தில் இந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் சகலையும். அது தெரிந்துதான் தமிழில் எழுதினேனா என்று அந்த நிமிடத்தில் என்னையே கேட்டுக்கொண்டேன்.

நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு அவள் உட்கார்ந்தாள். "நீங்களே படிங்க. கேக்கறேன்" என்றாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.