பொட்டு வைத்த வாளிகள்

ராஜபாளையத்தில், பருத்தியில் கொட்டை பிரிக்கிற ஒரு ஜின்னிங் ஆலைக்கு நான் மேனேஜராக இருந்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். தளவாய்புரம் பக்கம் பஞ்சு சேர்த்துவைக்கிற கிட்டங்கி ஒன்று ஒரே மத்தியானத்தில் சாம்பலானதும் எங்கள் முதலாளிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு வாளி வாங்கிச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, பாதியில் மணலும் பாதியில் தண்ணீருமாகக் கிட்டங்கிச் சுவரில் மாட்டச் சொன்னார். வாசலில் ஒரு மணி. சனிக்கிழமைதோறும் மணியடித்து, ஆட்களை வரிசையில் நிறுத்தி, வாளியைக் கைமாற்றிக் கொடுக்கப் பழக்குவது என் பொறுப்பு. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்களே, அந்தச் சனிக்கிழமைகளில் நான் அப்படித்தான் இருந்தேன்.

வரிசையில் முதல் ஆளாக நிற்பவர் மம்சாபுரத்துக்காரர். ஜின் மெஷினுக்குப் பருத்தி தள்ளுகிற வேலை. வேதக்காரர்; கிறிஸ்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு அவர் வெறும் 'ஏலே'தான்.

ஆயுதபூசை வந்தது. இன்ஜினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தோம். ஜின்னுக்கு மாலை போட்டோம். எனக்கு வாளிகள் மேல் தனிப் பெருமை. அவையும் ஆயுதம்தானே என்று மணலையும் தண்ணீரையும் கொட்டச் சொல்லி, தேய்த்துக் கழுவி, பொட்டு வைத்து ஆபீஸ் அறையில் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கினேன். கிணற்று வாளியைக்கூட விடவில்லை. பூசையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூசை முடியாமல் எடுக்கக் கூடாது என்பது வழக்கம். முதலாளி அந்த வருஷம் பூசைக்கு வரவில்லை. எல்லாருக்கும் விடுமுறை. பூசை இல்லாதவர் என்பதால் காவலுக்கு அவர்.

நான் அறையைப் பூட்டும்போது அவர் மெதுவாகக் கேட்டார். "அய்யா, ரெண்டு வாளியாவது வெளிய கெடக்கட்டுமே."

"நெருப்புக்கும் இன்னைக்கு லீவுதாம்லே" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. சாவியை மடியில் சொருகிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பூசைக்கு முந்தின நாள் ஓட்டத்தில் ஏதோ ஒரு கல் ஜின்னில் உரசிப் பொறி கிளம்பியிருக்க வேண்டும். பஞ்சுக்குள் விழுந்த பொறி அப்படித்தான், வெளியே தெரியாமல் நாள் முழுக்கக் கனன்றுகொண்டு கிடக்கும். அன்று பகல் சாப்பாட்டு நேரத்தில் கிட்டங்கியில் புகை வந்தது. அவர் மணியை அடித்தார். ஊரெல்லாம் பூசை மணி அடிக்கிற நாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கனன்ற பஞ்சை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி முற்றத்தில் கொண்டுவந்து போட்டு மிதித்திருக்கிறார். கிட்டங்கி தப்பியது. அவர் கைகள் தப்பவில்லை.

ஆள் வந்து சொல்லி நான் போய்ச் சேர்வதற்குள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. முதலாளி வந்து பார்ப்பதற்குள் அறையைத் திறந்து, வாளிகளில் இருந்த பொட்டை அழித்து, மணலும் தண்ணீரும் நிரப்பிச் சுவரில் மாட்டினேன். இதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

மறுநாள் முதலாளி என்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வாளி இருக்க ஏன் கையை விட்டாய் என்று அவரிடம் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். "தோணல மொதலாளி" என்றார்.

முதலாளி வெளியே போன பிறகு, பூட்டை உடைத்திருக்கலாமே என்று கேட்டேன். பழியில் ஒரு பங்கையாவது அவர் தலையில் வைக்கப் பார்த்தேன் போல.

"சாமி ரூம ஒரு வேதக்காரன் ஒடச்சான்னு பேச்சாயிரும்யா. பொறவு எங்க தெருவுல ஒருத்தனையும் ஆலைக்குள்ள சேக்க மாட்டாவ."

புண் ஆறியும் அவர் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. ஜின்னில் இனி நிற்க முடியாது என்று வாசல் காவலுக்குப் போட்டார்கள். அதைவிடக் கொடுமையாக, முதலாளி எனக்கு ஒரு உத்தரவு போட்டார்: சனிக்கிழமைப் பயிற்சியில், வாளி தொங்கும்போதே பதறிப்போய் வெறுங்கையால் தீயை அள்ளினவன் கதையைப் புது ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். சொன்னேன். வருஷக்கணக்கில் சொன்னேன். பழைய ஆட்களுக்கு உண்மை தெரியும்; மேனேஜரை மீறி யார் பேசுவார்கள்? வாசலில் நின்று அவரும் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு சனிக்கிழமை, வத்திராயிருப்பிலிருந்து புதிதாய்ச் சேர்ந்த ஒருவன் கதையைக் கேட்டுச் சிரித்தான். "யாருய்யா அந்தக் கூறுகெட்ட பய?"

நான் வாயைத் திறப்பதற்குள் வாசல் பக்கமிருந்து பதில் வந்தது.

"நாந்தாம்லே."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியவன் நான். அடுத்த சனிக்கிழமையும் அதே கதையைத்தான் சொன்னேன்.