அனந்தராமன் ஸாரும் நான் கூட்டிச் சொன்ன கஜங்களும்

அனந்தராமன் ஸார் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, சாலைக் கடைவீதியில் என் அரிசிக்கடை வாசலில் ஒரு லாரிக்காரரோடு கத்திக்கொண்டிருந்தேன். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னால் கடையையே மறைத்து நிறுத்தியிருந்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ஸாரின் மனைவி பார்வதி மாமி. "அண்ணாச்சி, உங்க ஸார் காலம்பற அஞ்சரைக்குப் போயிட்டார். தூக்கத்திலேயே ஆக்கும். நீங்க மெதுவா வாங்கோ, அவசரப்படவேண்டாம்" என்றார். கணவரை இழந்தவர் எனக்கு நிதானம் சொல்கிறார். லாரிக்காரரிடம் "எங்க வேணும்னாலும் நிறுத்திக்கப்பா" என்று சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்துக் கரமனையில் ஸார் வீட்டுக்குப் போனேன்.

இதைப் படிப்பவர்களில் பாதிப்பேர் அவரைச் சாலைக் கடைவீதியில் பார்த்தவர்கள், மீதிப்பேர் கோல்ஃப் மைதானத்தில் பார்த்தவர்கள். இரண்டு இடத்திலும் பார்த்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்னபோது மறுக்கவில்லை. மறுத்திருக்கலாம். எழுத வேண்டியதில் எனக்குப் பெருமை தரும் விஷயம் அதிகமில்லை.

அவர் எடை அளவை இன்ஸ்பெக்டர். வருஷத்துக்கொரு முறை நம் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிறவர். இருபது வருஷத்துக்கு முன் என் கடைத் தராசில் முத்திரைக் கல்லை வைத்துப் பார்த்தார். கிலோவுக்கு முப்பது கிராம் குறைந்தது. "நேத்து வரைக்கும் சரியாத்தான் இருந்துச்சு ஸார்" என்றேன். "எல்லாத் தராசும் நேத்து வரைக்கும் சரியாத்தான் இருந்திருக்கு, அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டே அதைத் தூக்கி ஜீப்பில் வைத்தார். குரல் உயரவில்லை. நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்துக் கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். அவர் ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன், வேறென்ன செய்வது.

அப்புறம் எனக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். சும்மா நடக்க என்னால் ஆகாது. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகன்தான் கோல்ஃப் மைதானத்தில் சேர்த்துவிட்டான். அங்கே போன முதல் வாரம், "என் பந்து அந்த மரத்தடி வரைக்கும் போச்சு" என்று யாரிடமோ பீற்றிக்கொண்டிருந்தேன். "பத்து கஜம் இந்தப் பக்கம் ஆக்கும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பினால், ஓய்வு பெற்ற அனந்தராமன் ஸார், கையில் மட்டையோடு. அட கடவுளே, இங்கேயுமா என்று தலையில் கை வைத்தேன். அன்றிலிருந்து பதினோரு வருஷம் வாரத்தில் நாலு காலை சேர்ந்து விளையாடினோம்.

இரண்டு வருஷத்துக்கு முன் வெளிநாட்டில் இருக்கும் அவருடைய மகள் ஒரு சின்ன மெஷின் கொண்டுவந்து கொடுத்தாள். லாஞ்ச் மானிட்டர் என்று பெயர். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. பந்துக்குப் பின்னால் ஆறேழு அடி தள்ளிப் புல்லில் நிறுத்திவைத்தால், அடித்த பந்தின் வேகம், எழும்பிய கோணம், தரையைத் தொடும் முன் பறந்த தூரம் எல்லாம் செல்போனில் எண்ணாக வந்துவிடும். ஸாரிடம் இருந்தது பொத்தான் போன். ஆகவே மெஷினை என் போனில் இணைத்தோம். அடிப்பது அவர், எண்ணை வாசிப்பது நான் என்று ஆயிற்று. கண்ணாடி போட்டால் பந்து சரியாகத் தெரியவில்லை என்று அதைக் கழற்றிவைத்துத்தான் அடிப்பார்.

ஆனால் அதற்கெல்லாம் முன், மெஷினைச் சோதிக்காமல் விடுவாரா? ஐம்பது மீட்டர் டேப்பும் ஒரு பை சுண்ணாம்புப் பொடியும் கொண்டுவந்தார். என்னைத் தொப்பி போட்டு மைதானத்து நடுவில் நிறுத்தினார். இருபது பந்து அடித்தார். ஒவ்வொன்றும் விழுந்த இடத்தில் நான் ஓடிப்போய்ப் பொடி போடவேண்டும். ஒன்று என் காதை உரசிக்கொண்டு போனது. "ஸார், என்னைக் கொல்றதுக்கா கூட்டிட்டு வந்தீங்க?" என்று கத்தினேன். "அசையாம நில்லுங்கோ" என்றார். பிறகு டேப் பிடித்து அளந்தோம். ஒரு கஜம், ஒன்றரைக் கஜம், அதற்குமேல் எங்கும் வித்தியாசமில்லை. "இதுக்கு முத்திரை குத்தலாம்" என்று திருப்தியாகச் சொன்னார்.

செவன் அயன் என்கிற ஏழாம் எண் மட்டையில் அவருக்கு நூற்றாறு, நூற்றெட்டு கஜம் வரும். அறுபத்தெட்டு வயதுக்கு அது நல்ல அடி. போன வருஷம் சித்திரையில் விஷு கழிந்து ஒரு காலை, தொண்ணூற்றெட்டு வந்தது. அடுத்த பந்து தொண்ணூற்றேழு. வாசித்தேன். அவர் முகம் வாடிப்போயிற்று. அன்று டீக்கடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அந்த டீக்கடைப் பேச்சுக்காகத்தான் மைதானமே. மறுநாள் தொண்ணூற்றாறு வந்தபோது, "நூத்திநாலு ஸார்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "நேத்து சரியா ஒறக்கமில்லை, அதான்" என்று சிரித்தார். டீயும் வடையும் அவரே வாங்கிக் கொடுத்தார்.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. தொண்ணூற்றிரண்டு வந்தால் நூற்றிரண்டு என்றேன். எண்பத்தெட்டு வந்தால் நூறு என்றேன். எண் குறையக் குறைய நான் கூட்டுவது கூடிக்கொண்டே போயிற்று. என் தராசில் குறைந்த முப்பது கிராமையாவது தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இது தெரிந்தே செய்தது. வயசாகிறது, அதுதான் என்று நினைத்தேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை, சத்தியமாக.

நம் மைதானத்தின் நாலாவது குழிக்குப் போகும் வழியில், தொண்ணூறு கஜத்தில் ஒரு தோடு, அதாவது சின்ன ஓடை, இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் அவர் செவன் அயனை எடுத்து மூன்று பந்து அடித்தார். மூன்றும் தண்ணீரில் விழுந்தன. மட்டையைக் கீழே வைத்து யோசித்தார். "மெஷின் கூட்டிக் காட்டறது, அண்ணாச்சி" என்றார். ஆள் பொய் சொல்கிறான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மெஷினைச் சந்தேகப்பட்டார், என்னைச் சந்தேகப்படவில்லை.

டேப்பை எடுத்துவரச் சொன்னார். அப்போதாவது நான் சொல்லியிருக்கவேண்டும். "புல்லெல்லாம் நனைஞ்சு கிடக்கு ஸார். வாரண்டி வேற இந்த மாசத்தோட முடியுது, கம்பெனிக்கே அனுப்பிருவோம்" என்றேன். என் கையாலேயே அட்டைப்பெட்டியில் கட்டி, பெங்களூரில் பழுது பார்க்கும் இடத்துக்கு அனுப்பினேன். மழைக்காலத்தில் பாதி அது அங்கேயே கிடந்தது. ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. கூடவே ஒரு சீட்டு: பழுது ஏதும் இல்லை.

மறுநாள் காலை ஒரு பந்து அடித்தார். நான் பழக்கதோஷத்தில் "நூத்தொண்ணு" என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என் கிட்டே வந்தார். "போனைத் தாங்கோ" என்றார். எண்பத்துநாலு என்று இருந்தது. பழையதெல்லாம் அதிலேயே சேர்ந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். விரலால் தள்ளித் தள்ளி விஷு வரைக்கும் போனார். நான் தரையைப் பார்த்து நின்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஒரு காகிதத்தில் வாராவாரம் வந்த எண்களை எழுதிக்கொண்டார். "இது வயசில்லை, அண்ணாச்சி. வயசு மாசத்துக்கு அஞ்சு கஜம் எடுத்துண்டு போகாது" என்றார். அந்த வாரமே டாக்டரிடம் போனார்.

குடலில் கட்டி. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது, அதனால்தான் உடம்பில் வலு இல்லை. ஆஸ்பத்திரிக்கு நானும் போயிருந்தேன். "எத்ர நாளாயிட்டு க்ஷீணம்?" என்று மலையாளி டாக்டர் கேட்டார், எத்தனை நாளாகச் சோர்வு என்று. ஸார் அந்தக் காகிதத்தை நீட்டினார். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விஷு முதல் தெரிந்தும் ஏன் வரவில்லை என்று கேட்டார். அறையில் மாமியும் இருந்தார். "நான்தான் டாக்டர், தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்றும் கேட்டுவிட்டேன். "பறயான் பற்றில்ல" என்றார் டாக்டர். சொல்ல முடியாதாம். ஆம் என்றாவது இல்லை என்றாவது அவர் சொல்லியிருக்கலாம்.

வெளியே வராந்தாவில் ஸாரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "மன்னிச்சிருங்க ஸார்" என்றேன். கையை உதறவில்லை. "தராசு தப்புன்னா நான் முத்திரை குத்தமாட்டேன். கடைக்காரனோட சண்டை போட்டதில்லை" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஒடம்பு நன்னா இருக்கற அன்னிக்கு வருவேன். இனிமே வந்ததை வந்தபடி வாசிக்கணும், கேட்டேளா" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஊசி மருந்துக்கு நடுவில் கொஞ்சம் தெம்பு வந்த நாட்களில் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போவேன். எழுபத்திரண்டு. அறுபத்தைந்து. ஐம்பது. தலைமுடி கொட்டிப்போய், சட்டை தொளதொளவென்று தொங்க நிற்கும் ஒரு மனுஷனிடம் இதையெல்லாம் உரக்கப் படிக்க வேண்டும். குரல் தாழ்ந்தால், "சத்தமாச் சொல்லுங்கோ" என்பார். தை மாதம் கடைசியாக வந்தார். நாற்காலியிலிருந்து எழுந்து ஒரே ஒரு பந்து அடித்தார். "முப்பத்தொண்ணு ஸார்" என்றேன். தலையாட்டினார். "இன்னிக்கு மதி, இது போதும்" என்று உட்கார்ந்துவிட்டார்.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து வந்தவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மாமி என்னைத் தனியே கூப்பிட்டார். "அண்ணாச்சி, கடைசியாப் போன அன்னிக்கு எத்தனை அடிச்சார்? ஆத்துக்கு வந்து, நூறு தாண்டித்துன்னார்" என்றார்.

ஊருக்கெல்லாம் எடை பார்த்த மனுஷன், மாமி முகம் வாடக்கூடாது என்று எழுபது கஜம் கூட்டிச் சொல்லியிருக்கிறார். ஆமாம் மாமி என்றால் ஆயிற்று, அவர் சொன்னதும் நிற்கும். ஆனால் வந்ததை வந்தபடி வாசிக்கச் சொன்னவரும் அவர்தான்.

"முப்பத்தொண்ணு, மாமி."

மாமி கொஞ்சம் சிரித்தார். "தெரியும். அன்னிக்குத் தண்ணிப் பாட்டில் மூடியை நான்னா தொறந்து கொடுத்தேன். சாலைக் கடைக்காராள்ளாம் இவர்கிட்ட எத்தனை பொய் சொல்லியிருப்பா, இவருக்கு ஒரு பொய்யைச் சரியாச் சொல்லத் தெரியலை." அப்போதுதான், அத்தனை நாளும் வராத அழுகை எனக்கு வந்தது. அந்த வீட்டுக் கூடத்தில் சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். மாமிதான் என்னைச் சமாதானப்படுத்தினார்.

மெஷினை அவர் மகள் எடுத்துப்போய்விட்டாள். எண்களெல்லாம் என் போனில் இருக்கின்றன. இடம் நிறைந்துவிட்டது, பழையதை அழிக்கலாமா என்று போன் நித்தம் கேட்கிறது. வேண்டாம் என்று அமுக்குகிறேன். அவருடைய கடைசி எண் முப்பத்தொன்று. இனி யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன், ஒரு கஜம்கூடக் கூட்ட மாட்டேன்.