டைகர் ஏன் கடித்தது?

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வன்னியம்பட்டி விலக்கில் ஒருவர் ஏறினார். கையில் ஒயர் கூடை. கூடைக்குள் ஒரு துண்டு. துண்டுக்குள்ளிருந்து ரோஸ் நிறத்தில் ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது.

கண்டக்டர் இரண்டடி பின்வாங்கினார்.

"என்னய்யா அது?"

"நாய்க்குட்டிண்ணே. பொறந்து ஒரு மாசந்தான் ஆகுது."

"ராஜபாளையம் நாயா?"

"ஆமா."

"அப்ப படிக்கட்டுப் பக்கம் போயி நில்லு. பொல்லாத சாதி அது. ஆளையே தூக்கிரும்."

ஆளைத் தூக்கப்போகிற அந்த ஜந்து ஒரு கொட்டாவி விட்டது. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுக்கக் குனிந்தபோது, அவர் விரலை எட்டி ஒரு நக்கு நக்கியது. மனிதர் ராஜபாளையம் வரும்வரை அந்த ஒரு விரலை மட்டும் தனியாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டே டிக்கெட் கொடுத்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க எனக்கு என்ன தகுதி? ஒரு காலத்தில் நானும் அந்தக் கண்டக்டர் கட்சிதான். என்னைக் கட்சி மாற வைத்தது டைகர்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் ராஜபாளையத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். என் வீட்டுக்காரருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வேலை. வீட்டுக்கு நேர் எதிரே ஒரு பேண்டேஜ் கம்பெனி — அதாவது, காயத்துக்குக் கட்டுகிற துணியை நெய்யும் தறி ஷெட். பொழுது விடிந்தால் தறிச் சத்தம். வீட்டுக்குள் 'உப்பு எங்கே' என்று கேட்பதற்கே தொண்டை கிழியும். நான் வகுப்பில் கத்துகிறேன் என்று பிள்ளைகள் சொல்வார்கள். பழி என் மேல், பாவம் தறி மேல்!

அந்தக் கம்பெனி வாசலில் சங்கிலியில் கிடந்தது டைகர். பெயர்தான் டைகர். உடம்பில் ஒரு கோடு கிடையாது. காலிலிருந்து காது வரை வெள்ளை. கண்ணில் யார் பட்டாலும் எகிறும். எகிறினால் இடுப்புக்கு மேலே நிற்கும். நான் தெருவின் அந்தப் பக்கம் நடந்ததே இல்லை.

ஒரு நாள் தறிச் சத்தம் நின்றுபோனது. முதலாளி கோயம்புத்தூரில் புதுத் தொழில் தொடங்குகிறேன் என்று ஷெட்டைப் பூட்டிவிட்டார். தறிகள் லாரியில் போயின. வாட்ச்மேன் மகாராஜபுரத்துக்கு, தன் தோட்டத்தைப் பார்க்கப் போனார். போகாதது டைகர் மட்டும். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

செல்வராஜ் எடுத்துக்கொண்டார்.

அவர் அதே ஷெட்டில் தறி ஓட்டியவர். தெருக்கோடியில் வீடு. தனக்கே வேலை போயிருந்த நேரம். இருந்தாலும், வாயில்லா ஜீவன் பட்டினி கிடக்கிறதே என்று காலையும் சாயங்காலமும் ஒரு தட்டில் சோறு பிசைந்து எடுத்துப் போனார். மூன்று நாள் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. நாலாம் நாள் டைகர் அவர் கையைக் கடித்துவிட்டது.

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. உங்களுக்குத் தெரியும். செல்வராஜ் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம் எங்கள் வாசலில் நின்று கணக்குச் சொல்லுவார். கணக்கு டீச்சர் வீடு என்பதாலோ என்னவோ...

"டீச்சர், இன்னைக்கு ஆறு. இன்னும் எட்டு கெடக்கு."

ஆனால் அவருக்கு வலித்தது வயிற்றில் இல்லை.

"கடிச்சதுகூடப் பரவாயில்ல டீச்சர். சோறு போட்ட கையப் போயி கடிச்சுட்டு, பாத்தீகளா? அதுதான் மனசு ஆறல."

மனசு ஆறாத அந்த மனிதர்தான் அதன் பிறகும் சோறு வைத்தார். தூரத்தில் நின்றுகொண்டு, தட்டை ஒரு கம்பால் தள்ளிவிடுவார். தள்ளும்போதே திட்டுவார். ஒரு வேளைகூடத் தவறவில்லை — சோறும் சரி, திட்டும் சரி.

தெருவில் பேச்சு கிளம்பியது. சங்கிலி துருப்பிடித்துக் கிடக்கிறது. அறுந்தால்? பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நடக்கிற வழி. ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். சரி என்று தலையாட்டியவர்களில் நானும் ஒருத்தி. இதை எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

என் வீட்டுக்காரருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மாட்டாஸ்பத்திரி டாக்டர் பழக்கம். ஏதோ ஒரு மாட்டு வழக்கில் சாட்சி சொல்ல வந்து சிநேகிதமானவர். அவரிடம் சொல்லி வைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் ஒரு தோல் பை. பைக்குள் அந்த ஊசி. தெருவே கூடியிருந்தது. கைக் கட்டும் சோற்றுத் தட்டுமாகச் செல்வராஜ் முன்வரிசையில் நின்றார்.

டைகர் எங்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கியது.

டாக்டர் பையைத் திறக்கவில்லை. செத்த நேரம் நாயையே பார்த்தார். பிறகு கை தட்டினார். டைகர் அசையவில்லை. செல்வராஜின் தட்டை வாங்கி, ஸ்கூட்டர் சாவியால் 'ணங்' என்று ஓங்கி அடித்தார். தெருவில் இருந்த நாங்கள் எல்லாரும் துள்ளினோம். டைகர் துள்ளவில்லை. அப்புறம் டாக்டர் செருப்புக் காலால் தரையை ஓங்கி மிதித்தார்.

டைகர் எகிறி எழுந்து திரும்பியது.

"இது கடிச்சது எப்படி? சொல்லுங்க" என்று கேட்டார் டாக்டர்.

"படுத்துக் கெடந்துச்சு சார்" என்றார் செல்வராஜ். "டைகரு, டைகருன்னு கூப்புட்டேன். ஏந்திரிக்கல. செத்துக்கித்துப் போச்சோன்னு பயந்து முதுகுல கைய வச்சேன். சடார்னு திரும்பிக் கவ்விட்டு."

"இது கோவக்கார நாய் இல்லீங்க. செவிட்டு நாய். இந்த வெள்ளை நாய்ங்கள்ல சிலது பொறக்கும்போதே இப்படித்தான். தூங்குறப்போ மேல திடீர்னு ஒரு கை விழுந்தா உங்களுக்கே எப்படி இருக்கும்? பயந்துபோய்க் கடிச்சிருக்கு."

செல்வராஜ் தன் கைக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப... நான் கூப்புட்டது அதுக்குக் கேக்கவே இல்லையா?"

"இல்ல."

"நாந்தான்னு தெரியாமத்தான் கடிச்சுட்டா?"

"ஆமா."

"அதான பாத்தேன்" என்றார் செல்வராஜ். அப்படியே தரையில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாளாக அவர் முகத்தில் இருந்த இறுக்கம் போய்விட்டது.

டாக்டர் எங்களைப் பார்த்தார். "யாராவது வீட்டுல வச்சுப் பாத்துக்கறதுன்னா நான் இப்படியே கிளம்பிடுவேன். இல்லைன்னா பை இருக்கு."

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். செல்வராஜுக்கு ஒற்றை அறை வீடு, நாலு பேர்.

"எங்க வீட்டுல இருக்கட்டும்" என்று ஒரு குரல் கேட்டது. பார்த்தால், என் குரல்!

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... பல்லியைக் கண்டால் கட்டிலில் ஏறுகிறவள் நான். எனக்கு என்ன ஆயிற்று?

சொல்கிறேன். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் என் வகுப்பில் மேரி புஷ்பம் என்று ஒரு பிள்ளை இருந்தாள். கடைசி பெஞ்ச். கேள்வி கேட்டால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பதில் வராது. திமிர் என்று முடிவு கட்டிவிட்டேன். முக்கால் வருஷம் அவளை நிற்க வைத்தே பாடம் நடத்தினேன். ஒரு நாள் அவள் அம்மா வந்தார். "பிள்ளைக்குச் சின்னதுலயே காதுல சீழ் வச்சிட்டு டீச்சர். மொத பெஞ்சுல உக்கார வச்சீகன்னா கேக்கும்" என்றார். கேட்டது. அந்த வருஷம் கணக்கில் எழுபத்தெட்டு வாங்கினாள். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. டீச்சர்கள் கேட்பது வழக்கமில்லை, பாருங்கள்.

டைகர் எங்கள் வீட்டுக்கு வந்தது இப்படித்தான்.

வந்தாயிற்று. ஆனால் அதனிடம் பேசுவது எப்படி? 'வா' என்றால் கேட்காது. 'போ' என்றால் கேட்காது. நான் கொல்லை வாசலைப் பாதி சாத்திக்கொண்டு, இடுக்கு வழியாக ஒரு வாரம் குடும்பம் நடத்தினேன். அப்போது செல்வராஜ் வந்தார்.

"இதுக்குப் போயி யோசிப்பாகளா டீச்சர்? ஷெட்டுல எட்டுத் தறி ஓடுறப்ப பக்கத்துல நிக்கவன் கத்துனாலும் கேக்காது. நாங்க பூரா கையிலதான் பேசுவோம். பதினோரு வருசம் பேசியிருக்கேன். இதுகிட்டப் பேச மாட்டனா?"

பேசினார். வாயருகே விரல்களைக் குவித்தால் சாப்பாடு. உள்ளங்கையைக் கவிழ்த்து அழுத்தினால், தறியை நிறுத்து — டைகருக்கு, உட்கார். தன் நெஞ்சில் இரண்டு தட்டு தட்டினால், இங்கே வா. தூங்கும்போது எழுப்ப, தள்ளி நின்று தரையில் ஒரு மிதி. பத்தே நாளில் அந்த நாய் படித்ததை என் ஒன்பதாம் வகுப்பு ஒரு வருஷத்தில் படித்ததில்லை.

கடிபட்டவரும் கடித்ததும் அரை மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து மௌனமாகப் பேசிக்கொண்டிருப்பதைக் கொல்லை வாசலிலிருந்து பார்ப்பேன். ஒரு நாள் கதவை முழுதாகத் திறந்தேன். டைகர் என்னைப் பார்த்தது. எழுந்து வந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். வந்து, தன் முழு எடையையும் என் முழங்காலில் சாய்த்து நின்றுகொண்டது. அவ்வளவுதான். நான் மெல்ல உட்கார்ந்தேன். அதுவும் உட்கார்ந்து என் மடியில் தலையை வைத்தது. இந்தத் தலைக்கா ஊசி போடச் சொன்னோம்?

பிறகு டைகர் வீட்டை எடுத்துக்கொண்டது. மல்லாந்து படுத்து நாலு காலையும் தூக்கிக்கொண்டு தூங்கும். பேப்பர் படிக்கிறவர் மடியில் பேப்பருக்கும் முகத்துக்கும் நடுவில் தலையை நுழைக்கும். தீபாவளிக்குத் தெருவிலுள்ள நாய்கள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்க, இது மட்டும் சரவெடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. "ராஜபாளையம் நாய்னா சும்மாவா? பயம்னா என்னன்னே தெரியாது" என்று ஊரே மெச்சியது. நாங்கள் அடக்கமாக இருந்தோம்.

"காவலுக்கு மட்டும் இதை நம்பாத" என்பார் என் வீட்டுக்காரர். "திருடன் வந்தா நாம முழிச்சு, இதைத் தட்டி எழுப்பி, 'அந்தா பாரு'ன்னு கைகாட்டணும்."

ஒன்றரை வருஷம் இப்படிப் போயிற்று. ஒரு ஞாயிறு காலை, பழைய முதலாளி வந்தார்.

தெருவில் சாக்கடை தோண்டிப் போட்டிருந்தார்கள். காரை முக்கிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். நல்ல மனிதர்தான். மரியாதையாகப் பேசினார்.

"டைகரை நீங்க வச்சிருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன் டீச்சரம்மா. ரொம்ப உபகாரம். கோயம்புத்தூர்ல புதுக் கட்டடம் எழும்பிட்டு. காவலுக்கு இது மாதிரி ஒண்ணு வேணும். கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்."

வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என் காதருகே, "சட்டப்படி அவருதுதான்" என்றார். கோர்ட்டில் வேலை பார்க்கிறவரைக் கட்டிக்கொண்டால் இதுதான் தொல்லை.

டைகர் கொல்லையில் எங்களுக்கு முதுகைக் காட்டி, முருங்கை மரத்து அணிலையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு எதிரே, மரத்தடியில், செல்வராஜ். வழக்கமான ஞாயிற்றுக்கிழமை விஜயம்.

"பாருங்க, ஒரு சத்தம் குடுத்தாப் போதும். எங்க இருந்தாலும் ஓடி வரும்" என்றார் முதலாளி. அந்த நாளில் அவர் கார் ஷெட் வாசலில் வந்து நின்றாலே தரை அதிர்ந்து டைகர் எகிறி எழும்; அதைத் தன் குரலுக்கு என்று நினைத்திருக்கிறார் போலும். பிறகு கூப்பிட்டார். "டைகர்."

டைகர் அணிலைப் பார்த்தது.

"டைகர்." குரலை உயர்த்தினார். பக்கத்து வீட்டுச் சன்னல் திறந்தது. டைகர் ஒரு காதைச் சொறிந்துகொண்டது.

மூன்றாம் தடவை கையை உயர்த்தி அவர் கத்திய கத்தலில் அணில் ஓடியது. அணில் போன திசையில் டைகர் தலையைத் திருப்பப் பார்த்தது; திரும்பினால் முதலாளி கண்ணில் பட்டுவிடுவார். அந்த நொடியில் செல்வராஜின் கை, ஒன்றும் அறியாத கை போல, கவிழ்ந்து கீழே அழுந்தியது. டைகர் அவரைப் பார்த்தபடியே அசையாமல் உட்கார்ந்தது.

முதலாளி கையைக் கீழே போட்டார். முகம் சுருங்கிவிட்டது.

"விட்டுட்டுப் போனேன்ல... அதுக்குக் கோவம் இருக்கத்தான செய்யும்" என்றார் மெதுவாக. "அது மனசுல நான் இல்ல. இங்கேயே இருக்கட்டும்மா."

அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் திடீரென்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். செல்வராஜ் முருங்கைக்காயை எண்ணிக்கொண்டிருந்தார். நான் காபி போட உள்ளே போனேன்.

அவர் காபியைக் குடித்துவிட்டுப் போன பிறகு, என் மனசாட்சி கொஞ்ச நேரம் முனகியது. நீங்களே சொல்லுங்கள், நாங்கள் யாராவது பொய் சொன்னோமா?

அவர் கேட்கவில்லை. அதற்கும் கேட்கவில்லை.