கண்ணாடியோடு போன நெற்றி

என் மச்சினனுக்குக் கடையில் துடைப்பான் என்று பேர். இருபது வருஷம் லாரி ஓட்டியவன். முதுகு போனதும் பழைய போட்டோக்களைச் சரிசெய்து தரும் வேலைக்கு, என் பைண்டிங் மேசைக்கு எதிரே ஸ்கேனர் முன்னால் வந்து உட்கார்ந்தான். மௌஸைக் கியர் மாதிரி பிடிப்பான். படம் வைக்குமுன் ஸ்கேனர் கண்ணாடியைத் தேய் தேய் என்று தேய்ப்பான்.

"ஓட்டை விழப்போகுதுடா" என்பேன்.

"தூசி இருந்தா மூஞ்சியில மச்சமா விழும் மாமா" என்பான்.

இன்றைக்கு எந்தப் படம் வந்தாலும் முதலில் ஒரு நகலை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் கை வைக்கிறான். அதற்குக் காரணம் உண்டு.

வேலைக்கு வந்த இரண்டாம் மாதம், ஒரு தையல்காரம்மா சட்டம் போட்ட படம் கொண்டுவந்தார். இறந்துபோன புருஷனுக்கு இருந்த ஒரே படம். ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. இவன் கண்ணாடியோடு ஒரு ஸ்கேன் எடுத்தான். அதோடு விட்டிருக்கலாம். தனியாக எடுத்தால் தெளிவாக வருமென்று உரித்தான். ஒரு பக்க நெற்றி கண்ணாடியோடு போய்விட்டது. தாளில் அந்த இடம் வெள்ளை.

வாயைத் திறக்காமல் முதல் ஸ்கேனையே சுத்தம் செய்தான். கறை, மடிப்பு, புருவத்துக்கு மேல் ஒரு கோடு, எல்லாவற்றையும் அழித்து அதே பேரில் சேமித்தான். பழையது போயிற்று.

மறுநாள் அந்தம்மா திரையைப் பார்த்தார்.

"தழும்பு எங்க தம்பி?"

"மடிப்புன்னு நெனச்சு அழிச்சிட்டேன்க்கா."

"அது நான் போட்டது. கல்யாணமான மூணாம் மாசம், கரண்டியால. கேட்டவங்ககிட்ட எல்லாம் நிலைப்படியில இடிச்சுக்கிட்டேன்னு சொன்னார். சாகிறவரைக்கும் என்னைக் காட்டிக்குடுக்கல."

சிரித்தபடி ஆரம்பித்தவர் முடிக்கையில் சிரிக்கவில்லை.

"சரி, பழைய படத்தைக் குடுங்க."

இவன் தாளை நீட்டினான். "இதையும் கெடுத்துட்டேன்க்கா."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு கோடுதானே, வரைஞ்சு குடுடா" என்றேன் நான்.

"நான் வரைஞ்சா அது அவர் தழும்பாகுமா மாமா?"

சொன்னவன் சட்டென்று எழுந்து பின்னால் தண்ணீர்க் குழாயடிக்குப் போனான். கழுவித் திரும்ப மாட்டலாமென்று சட்டத்துக் கண்ணாடியை அங்கேதான் வைத்திருந்தான். எதையும் துடைக்காமல் விடாதவன் அதை மட்டும் தொட்டிருக்கவில்லை. நெற்றி அப்படியே ஒட்டியிருந்தது. முன்பக்கமாகப் பார்த்தால் தழும்பு தெரிந்தது.

அதை ஸ்கேன் செய்து படத்தோடு பொருத்த மத்தியானமாயிற்று. அந்தம்மா நகரவில்லை. பிரிண்டை வாங்கிப் புருவத்துக்கு மேல் விரலால் ஒரு தடவு தடவினார். கண்ணாடியையும் கேட்டார். இவன் வழக்கம்போலத் துணியை எடுத்தான்.

"துடைக்காமக் குடுங்க தம்பி."