கண்ணில் விழுந்த இரும்புத்தூள்

லேத் பட்டறைக்காரருக்குக் குடல் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒருநாள் காலை வலது கையில் டம்ளர் நிற்கவில்லை. நோய் மூளைக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க டாக்டர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதினார். வீட்டுக்கு வந்து அவரைக் கவனித்துவந்த நர்ஸான நானும் கூடப் போனேன்.

"கண்ணுல எப்பவாவது அடிபட்டிருக்கா? இரும்பு ஏதாவது போயிருக்கா?" என்று டெக்னீஷியன் கேட்டார்.

"இல்ல சார்."

ஸ்ட்ரெச்சரைத் தள்ளினார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் ஆளுயரக் காந்தம். என் பக்கத்தில் நின்ற அவர் மனைவி, "மாசம் ஒருதடவை இவர் கண்ணுல இரும்புத்தூள் விழும்க்கா. பக்கத்து மெஷின்காரர் துணிமுனையால எடுத்துவிடுவார்," என்றாள், பெருமையாக.

நான் ஓடிப்போய்க் கதவை மறித்து, அவள் சொன்னதைச் சொன்னேன்.

"அதெல்லாம் ஒரு அடியாக்கா? அப்படிப் பார்த்தா எங்க பட்டறையில கண்ணுள்ளவனே கிடையாது," என்று சிரித்தார் பட்டறைக்காரர்.

டெக்னீஷியன் சிரிக்கவில்லை. "உள்ள ஒரு துணுக்கு இருந்தாலும் காந்தம் இழுத்துடும். பார்வை போயிடும்."

முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது கண்ணுக்குள் தவிட்டளவு இரும்பு இருந்தது. அதனால் எம்.ஆர்.ஐ.யை விட்டுவிட்டு, மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இடப்பக்கம் ஒரே ஒரு கட்டி. அதை அறுத்தெடுத்து, அந்த இடத்துக்கு மட்டும் கதிர்வீச்சு கொடுத்தார்கள். கையின் பலம் முக்கால்வாசி திரும்பியது.

ஆறு மாதம்தான் இருப்பார் என்று டாக்டர் சொல்லியிருந்தார்; அவர் பதினொரு மாதம் இருந்தார். அவ்வளவு நாளும் இரண்டு கண்ணாலும் செய்தித்தாள் படித்து, மனைவியோடு அரசியல் சண்டை போட்டார்.