பூச்சு அறையில் ஒரு துகள்

உடம்புக்குள் வைக்கும் குழாய்களுக்குப் பூச்சு போடுவது எங்கள் வேலை. பூச்சு சரியாகப் பிடித்தால் உடம்பு குழாயைக் கண்டுகொள்ளாது, பிடிக்காவிட்டால் அந்நியன் வந்துவிட்டான் என்று சண்டைக்கு நிற்கும். தம்போய் ஊர்த் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக இதைச் செய்கிறேன். ஒரே அறையில் எட்டு மணி நேரம் இன்னொருவர் கையையே பார்த்துக்கொண்டு வேலை செய்பவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

நூற்றுக்கு மூன்று

குழாயைத் திரவத்தில் முக்கிக் காயவைப்போம். மாதிரிக்கு எடுத்ததைச் சிவப்புச் சாயத்தில் நனைத்தால், பூச்சு பிடிக்காத இடம் வெள்ளையாக நிற்கும். அது ரிஜெக்ட். எனக்கு நூற்றுக்கு மூன்று ரிஜெக்ட். அறையிலேயே அதுதான் குறைவு, லாயாங் லாயாங் ஊரிலிருந்து ஸ்டெல்லா வேலைக்கு வரும்வரை. அவளுக்கு ஒன்று. இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன், ஒன்றுதான். எப்படி என்று கேட்டேன்.

"நான் ஒண்ணும் செய்யலக்கா. மெதுவா தூக்குறேன், அவ்வளவுதான்."

லீடர் வேலை

ஸ்டெல்லா வந்த நாலாம் மாதம், எங்கள் லீடர் ஓய்வு பெறும் நேரம் வந்தது. அந்த இடம் எனக்குத்தான் என்று பல வருடமாக நினைத்திருந்தேன், யாரிடமும் சொன்னதில்லை. கேண்டீனில் சூப்பர்வைசர் குணா, யாருக்கு விருப்பம் என்று கேட்டார். நான் மீகூன் சேமியாத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். போகும்போது என் பக்கம் குனிந்தார்.

"வாயத் திறந்தாத்தானேக்கா தெரியும்?"

சாம்பல் நிறம்

மறுநாள் லென்ஸ் விளக்கில் பார்த்தால், ஸ்டெல்லாவின் தட்டில் ஒரு குழாயின் பூச்சோடு சாம்பல் நிறத் துகள் ஒட்டியிருக்கிறது. எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. வாய் திறக்காத நான் நேராகக் குணாவிடம் போய்ச் சொன்னேன்.

அவர் லென்ஸில் வெகு நேரம் பார்த்தார். பிறகு என் தொப்பி விளிம்பைப் பார்த்தார். அன்று காலையில் லீடர் வேலைக்காக முருகனிடம் வேண்டிக்கொண்டு, வழக்கத்தைவிடப் பட்டையாகப் பூசியிருந்தேன். அவசரத்தில் முகம் கழுவாமல் அறைக்குள் வந்துவிட்டேன். அந்த முகத்தோடு அவள் தட்டின் மேல் குனிந்து ரிஜெக்ட் எண்ணியது மூன்று தடவை.

"அக்கா, இது திருநீறு. ஸ்டெல்லா சர்ச்சுக்குப் போறவங்க."

லென்ஸ் விளக்கு

அந்தத் தட்டின் நாற்பது குழாயும் குப்பைக்குப் போயின. லீடர் வேலை ஸ்டெல்லாவுக்குப் போனது. முதல் நாளே என்னைக் கூப்பிட்டாள். வேறு அறைக்கு மாற்றப்போகிறாள் என்று நினைத்தேன். கடைசிப் பரிசோதனை விளக்கை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"நீங்க பாத்தா எதுவும் தப்பாதுக்கா. ஆனா முகம் கழுவிட்டு வாங்க."

உடம்பு ஒரு குழாயை ஏற்றுக்கொள்ள மெல்லிய பூச்சு போதும்; ஸ்டெல்லாவை ஏற்றுக்கொள்ள எனக்கு நாலு மாதமும் நாற்பது குழாயும் ஆயின.