முதுகளவு

இந்த ஜெர்மன் ஊர்க்காரர்கள் நல்லவர்கள்தான். ஆனால் பின்னல் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து "யாருக்கு?" என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. தில்லி பஸ்ஸில் கேட்காமல் விடுவார்களா? பக்கத்து ஸீட்டுக்காரி கழுத்துக்கு எங்கே குறைக்க வேண்டும் என்பதுவரை சொல்லிவிட்டுத்தான் இறங்குவாள். அப்போது எரிச்சலாக இருக்கும். இப்போது அந்த எரிச்சலுக்கே ஏங்குகிறேன்.

என் கணவருக்கு அச்சு இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை. ஊர் ஊராக அனுப்புவார்கள். போன கிறிஸ்துமஸ் சமயத்தில் நானும் கூடப் போனேன். பாம்பெர்க், நூரம்பெர்க், ரோத்தன்பர்க் என்று எல்லாம் பழைய ஊர்கள். அவர் வேலைக்குப் போனதும் நான் பண்டிகைச் சந்தையில் போய் உட்கார்ந்துவிடுவேன். தேவாலய மணி, வறுத்த பாதாம் வாசனை, மரப் பொம்மைகள். எல்லாரும் யாருடனாவது வந்திருந்தார்கள். எனக்குத் துணை பையிலிருந்த சிவப்பு நூல்தான்.

அதில் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டர் என் மகள் வித்யாவுக்கு. படிப்பு கெடக் கூடாதென்று அவளை ஏழு வயதில் தில்லி லக்ஷ்மிபாய் நகரில் நாத்தனாரிடம் விட்டு வந்தோம். இரண்டு வருஷமாகிறது. போட்டோ வருகிறது. போட்டோவில் அளவு வருமா?

தில்லியில் குவார்ட்டர்ஸ் புல்வெளியில், குளிர்கால வெயிலில் பின்னும்போது அந்தக் கவலையே கிடையாது. ஓடுகிற பிள்ளை யாருடையதானாலும் "இதர் ஆ, பேட்டா" என்று கூப்பிட்டு நிறுத்தித் திருப்பி, பின்னியதை முதுகில் வைத்துப் பார்ப்போம். பிள்ளையும் வேர்க்கடலையை மென்றபடி நிற்கும்.

ரோத்தன்பர்க்கில் ஒரு பொம்மைக் கடை முன்னால் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, வித்யா மாதிரியே ஒரு காலில் சாய்ந்து நின்றாள். என் கை முந்திக்கொண்டது. பின்னியதை அவள் முதுகில் வைத்துவிட்டேன்.

தாய் வெடுக்கென்று பிள்ளையை இழுத்துக்கொண்டாள். "நைன், நைன்" என்று, வேண்டாம் என்பதுபோல், பர்ஸையும் மூடினாள். விற்க வந்தவள் என்று நினைத்துவிட்டாள்.

"மைனே தோஹ்தர்," என்றேன். என் மகள். "டெல்லி."

அதற்கு மேல் எனக்கு ஜெர்மன் வரவில்லை, அழுகைதான் வந்தது. அவள் என்னையும் ஸ்வெட்டரையும் பார்த்தாள். பிறகு பிள்ளையைத் திருப்பி நிறுத்தினாள். அளந்தேன். நீளத்தில் ஒரு சாண் குறைந்தது. வித்யா இவ்வளவு வளர்ந்துவிட்டாளா?

பிரித்து, அந்த அளவுக்கே மறுபடி பின்னி அனுப்பினேன். தடித்த நீளக் கோட்டின் மேல் எடுத்த அளவு அது என்பது தபாலில் போட்ட பிறகுதான் உறைத்தது.

வித்யாவுக்குத் தமிழ் எழுத வராது. பதிலை ஹிந்தியில் எழுதியிருந்தாள்: "அம்மா, ஸ்வெட்டர் முட்டிவரை வருகிறது. அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் போடலாம் என்கிறாள் அத்தை. அதற்குள் நீ வந்துவிடுவாய்தானே?"

இரண்டு நாள் யோசித்தேன். அவருடைய ஒப்பந்தம் முடிய இன்னும் மூன்று வருஷம். கடைசியில், "ஒரு நூலில் முதுகளவு எடுத்து அனுப்பு, கண்ணா. வேறு பின்னித் தருகிறேன்" என்று மட்டும் எழுதினேன்.

நேற்று கவர் வந்தது. கடிதம் இல்லை, நூல் மட்டும் இருந்தது. பின்னலின் சுருள் இன்னும் நீங்காத சிவப்பு நூல். நான் அனுப்பிய ஸ்வெட்டரிலிருந்தே பிரித்து வெட்டியிருக்கிறாள்.